வருகைப் பதிவேடும் வாழ்வுரிமையும்

பள்ளிக்கூடங்களில் வருகைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. காலை மணி ஒலித்ததும் ஆசிரியர் பெயர்களைப் படிப்பார். வந்தவனுக்கு ஒரு கோடு. வராதவனுக்கு ஒரு சுழி. ஆயினும் நல்லாசிரியர் எவரும் அச்சுழியோடு தம் கடமை தீர்ந்ததெனக் கருதுவதில்லை. மறுநாள் காரணம் கேட்கிறார். காய்ச்சல் என்று தாய் எழுதிய துண்டுக் கடிதம் வருகிறது. பாட்டி இறந்த செய்தி வருகிறது. வெள்ளத்தில் பாலம் மூழ்கிய செய்தி வருகிறது. சுழியின் பக்கத்தில் காரணம் எழுதப்படுகிறது. பல நாள் வராத பிள்ளையின் பெயரை அடிக்கும் முன்னர் வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிப்பதும் பழைய வழக்கமே.

பத்து வயதுச் சிறுவனுக்குத் தடையின்றிக் கிட்டும் இந்த நியாயம், ஆயுளில் பெரும்பகுதியை இந்நாட்டிற்கு உழைத்துத் தந்த அறுபது வயதுத் தொழிலாளிக்கு மறுக்கப்படுகிறது. சிவப்பு அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து சென்று, நெடுநாள் கழித்துத் திரும்பிவரும் நிரந்தரவாசியைக் குடிநுழைவு அலுவலகம் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை நாள் வெளியே இருந்தாய்?" என்பது. "ஏன் இருந்தாய்?" என்ற இரண்டாவது கேள்வி எழுவது அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. அம்மனிதர் அயல்நாட்டு மனைவியையும் உடன் அழைத்து வர விழைந்தால், வெளியே இருந்த நாட்களின் கணக்கு அவருக்கு மட்டுமன்றி அவளுக்கும் எதிராக நிற்கிறது. இந்தக் கணக்கு முறையே தவறானது.

ஜெலுத்தோங்கை அறிந்தவர்களுக்கு இச்சிக்கலின் வேர் எங்கே என்பது விளங்கும். பினாங்குத் தீவின் கீழ்க்கரையில், பினாங்கு ஆற்றுக்குத் தெற்கே, கடலுக்கும் நகருக்கும் இடையில் நெருங்கி அமைந்த உழைப்பாளர் பகுதி அது. துறைமுகத்திலும் கிடங்குகளிலும் மூட்டை சுமந்தோர், நகராட்சியில் தெருக் கூட்டியோர், சிறு பட்டறைகளில் வேலை செய்தோர் எனத் தமிழர் பலரும் அப்பகுதியிலும் அதைச் சூழ்ந்தும் வாழ்ந்தனர். அவர்களுக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் இடையே கப்பல் பாலமாக இருந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றி வந்து பினாங்கில் இறக்கியது. 1970களில் அதன் இடத்திற்கு 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் மாண்டதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது. ஒரு தலைமுறைக்கு ஊருக்குப் போய் வருவது என்றால், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் கடலில் மிதப்பது. போனவர் அடுத்த கப்பலில் வந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பார் இல்லை; ஆறு மாதம், ஓராண்டு என்பதே இயல்பு. அவ்வாறு சென்றவரை யாரும் நாட்டைத் துறந்தவர் என்று அழைக்கவில்லை.

அவர்களில் யார் குடிமக்கள், யார் குடிமக்கள் அல்லர் என்ற கோடு எப்படி விழுந்தது என்பதையும் சற்று நோக்க வேண்டும். பினாங்கு ஆங்கிலேயரின் நேரடிக் குடியேற்றமாக இருந்தமையால் அத்தீவில் பிறந்தோர் பிரிட்டிஷ் குடிகளாக எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் கூட்டரசு உடன்படிக்கை அவ்வாறு பிறந்து நிலைத்து வாழ்ந்தோருக்குக் குடியுரிமைக்கு வழிவிட்டது. கப்பலில் வந்து இறங்கியவரோ விண்ணப்பிக்க வேண்டும்; முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1957இல் விடுதலை வந்தபோது நிபந்தனை தளர்ந்தது. 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் போதும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோரில் ஒரு பகுதியினருக்கு மலாய்மொழித் தேர்வும் இல்லை. அந்த ஓராண்டு பொற்காலம். அது பலருக்குத் தெரியாமலே கழிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிக்கு அரசிதழை யார் படித்துக் காட்டினார்கள்?

இதற்கிடையில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியிருந்தது. 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், மலாயாவுக்கு எவரும் விரும்பியபடி வந்து குடியேறலாம் என்ற நிலையை முடித்து வைத்தது. 1969ஆம் ஆண்டு இரட்டை இடியாக வந்தது. பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி அவ்வாண்டில் பறிபோயிற்று. துறைமுகத்தை நம்பிய குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமகன் அல்லாதவன் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதியும் அப்பொழுதுதான் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் அக்காலத்தில் இந்நாட்டை விட்டுச் சென்றனர். எஞ்சியோரில் ஒரு பகுதியினர் நீல அட்டை இல்லாமல் சிவப்பு அட்டையோடு தங்கினர். வேலை செய்யலாம், வரி கட்டலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம், வாக்களிக்க இயலாது. கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு என இவ்வாறே வாழ்ந்து முடிந்தவர் உண்டு.

இவ்வரலாற்றை அறியாமல், "இத்தனை ஆண்டும் ஏன் குடியுரிமை வாங்கவில்லை?" என்று கேட்பது எளிது. வசதியாய் வாழும் தமிழரே இதனைக் கேட்கின்றனர் என்பதுதான் வேதனை.

இனி, ஒரு குடும்பத்தைக் கற்பனையாகவே எண்ணிப் பார்க்கலாம். ஜெலுத்தோங்குச் சாலைக்குப் பழகியவர்கள் அதன் சாயலைப் பல வீடுகளில் கண்டிருப்பர். நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்த சிறுவன், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ரஜுலாவில் வந்து, கிடங்குத் தொழிலாளியான தந்தையைச் சேர்கிறான். ஜெலுத்தோங்கில் வளர்கிறான், சிவப்பு அட்டை பெறுகிறான். வேலையிழந்த தந்தை, தாயோடு ஊர் திரும்பி அங்கேயே கண் மூடுகிறார். மகன் இங்கே தங்கி, பட்டறையில் வேலை செய்து, மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். தங்கைகளைக் கரையேற்றுவதில் வயது நாற்பதைக் கடக்கிறது. அந்நேரத்தில் தாய் படுத்த படுக்கையாகிறாள். பார்க்க வேறு ஆளில்லை. மறுநுழைவு அனுமதி பெற்றுக்கொண்டு போகிறார். "சிவப்பு ஐசிதான் இருக்குதே, அண்ணே, அப்புறம் என்ன பயம்?" என்று அண்டை வீட்டார் வழியனுப்புகின்றனர்.

ஆறு மாதத்தில் திரும்பலாம் என்று போனவர் ஆறாண்டு தங்குகிறார். தாயின் நோய் நாளெண்ணி வருவதும் இல்லை, நாளெண்ணிப் போவதும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகைக் கரையைச் சூறையாடியபோது வீட்டுப் பெட்டியோடு தாள்களும் போகின்றன. உறவினர் வற்புறுத்த, தாயின் கண்முன்னேயே ஒரு பெண்ணை மணக்கிறார். கோயிலில் தாலி கட்டியாயிற்று. பதிவு அலுவலகத்தை யாரும் நினைக்கவில்லை. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் உண்டு என்பதும், காலக்கெடு முடியுமுன் அங்கே போய்ச் சொல்லியிருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. தாய் இறந்து கருமாதி முடிந்தபின், "மாமா, இனி உங்க ஊருக்கே போயிடலாம்" என்று மனைவி சொல்கிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அவருடைய ஊர் எதுவென்று.

குடிநுழைவு முகப்பில் நிற்கும்போது அந்த ஊர் அவருடையதா என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. மறுநுழைவு அனுமதி காலாவதியாகிவிட்டது. நெடுநாள் இல்லாமை, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தைக் கைவிட்டதற்கு அடையாளம் என்று கொள்ளப்படலாம். அவருடைய தகுதியே தொங்கலில் இருக்கும்போது, அவரைப் பொறுப்பாளராகக் காட்டி மனைவி எவ்வாறு நீண்டகால வருகை அனுமதி கேட்க இயலும்? அவள் வர வேண்டுமானால் அவர் இங்கே ஊன்றி நிற்க வேண்டும். அவர் ஊன்றி நிற்க வேண்டுமானால் அவளைப் பிரிந்து, ஆண்டுக்கணக்கில் நாட்டைவிட்டு அசையாதிருக்க வேண்டும். மனைவியைப் பார்க்கச் சென்றால் மீண்டும் நாட்கள் வெளியே கழியும். கயிற்றின் இரு முனையும் ஒரே கழுத்தில் விழும் முடிச்சு இது.

குடிமகனின் மனைவிக்கேனும் அரசியலமைப்பில் ஓர் இடம் உண்டு. 15ஆம் பிரிவின்படி, குடிமகனை மணந்த பெண், விண்ணப்பத்திற்கு முந்திய ஈராண்டும் இந்நாட்டில் வாழ்ந்து, இங்கேயே நிலைத்து வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவளாயின், குடிமகளாகப் பதிந்துகொள்ள உரிமை பெறுகிறாள். நடைமுறையில் அந்த ஈராண்டு எத்தனை ஆண்டுகளாக நீளும் என்பது வேறு கதை. குடிமகளை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அப்பிரிவில் இடமே இல்லை. மனைவி இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவளாயினும் அவன் ஆண்டுதோறும் அனுமதி கேட்டு நிற்பவனே. சிவப்பு அட்டைக்காரரின் மனைவி இவ்விருவரினும் கீழ்ப்படியில் நிற்கிறாள். அவளுக்கு உரிமை என்று எதுவும் எழுதப்படவில்லை. கருணை உண்டு, அதிகாரியின் கையில்.

கருணை மறுக்கப்பட்டால் முறையிட இடம் உண்டா என்று கேட்பின், விடை கசப்பானது. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, சட்டத்தின்கீழ் ஆணை பிறப்பிக்கும் முன் சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது. 1989இல் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவு, நடைமுறை ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டதா என்பதற்கு அப்பால் நீதிமன்றம் புகுந்து ஆராய்வதைத் தடுக்கிறது. பதிவேட்டில் சுழி போட்டாயிற்று. தாயின் கடிதத்தை வாங்க மேசையில் ஆளில்லை.

நாட்களை எண்ணுவது நாட்டின் உரிமை அன்றோ என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. அட்டையை ஒரு காப்பீட்டுப் பத்திரம்போல் பெட்டியில் பூட்டிவிட்டு, வேறொரு நாட்டில் தொழிலும் சொத்தும் பெருக்கி, முதுமையில் மருத்துவத்திற்கு மட்டும் வந்து நிற்பவரை அரசு தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அத்தகையோரை நாள்கணக்கு பிடிப்பதில்லை. வசதி படைத்தவர் ஆண்டுக்கு இருமுறை வானூர்தியில் வந்து, முத்திரை குத்திக்கொண்டு, ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார். அவருடைய பதிவேடு தூய்மையாக இருக்கும். பயணச்சீட்டுக்குப் பணம் இல்லாமல் தாயின் கட்டிலருகே இருந்தவர்தான் சிக்குவார்.

மேலும், இந்நாட்டின் அரசியலமைப்பே வெறும் நாள்கணக்கை ஏற்றுக்கொண்டதன்று. குடியுரிமைக்காக வாழ்ந்த காலத்தைக் கணக்கிடும் முறையை இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பகுதி கூறுகிறது. ஆறு மாதத்திற்குக் குறைந்த இல்லாமையும், அங்கீகரிக்கப்பட்ட கல்விக்காகச் சென்ற காலமும், உடல்நலக் காரணத்தால் வெளியே இருந்த காலமும், நாட்டின் பணிக்காகச் சென்ற காலமும், அமைச்சர் பொதுவாகவோ சிறப்பாகவோ வகுக்கும் வேறு காரணத்தால் கழிந்த காலமும் இந்நாட்டில் வாழ்ந்த காலமாகவே கருதப்படும் என்பது அதன் கருத்து. விடுதலைக் காலத்துச் சட்ட அறிஞர்கள் எத்துணைத் தெளிவாகச் சிந்தித்தனர் என்பதற்கு இது சான்று. உடல் வெளியே இருந்தாலும் வாழ்வு இங்கே இருக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். குடியுரிமை என்னும் பெரிய கதவுக்கு ஏற்கப்பட்ட இந்த நெறி, மறுநுழைவு என்னும் சிறிய கதவுக்கு மட்டும் ஏன் ஆகாது? அமைச்சர் கையொப்பமிட்டு வெளியிடும் ஒரு நெறிமுறை அறிவிப்பு போதும்: பெற்றோரின் நோய், இறப்பு, இயற்கைப் பேரிடர், மனைவி மக்களின் அனுமதி கிடைக்கும்வரை காத்திருத்தல் ஆகிய காரணங்கள் சான்றோடு காட்டப்பட்டால், இல்லாமை கைவிடலாகக் கொள்ளப்படாது என்று.

காலத்தைப் பற்றிய கணக்கு எத்துணை ஒருதலையானது என்பதைக் கொரோனாக் காலம் காட்டிற்று. 2020 மார்ச்சு 18இல் எல்லைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 7 முதல், இந்தியா உள்ளிட்ட மூன்று நாடுகளிலிருந்து வருவோர்மீது விதித்த தடையில் நிரந்தரவாசிகளும் குடிமக்களின் வாழ்க்கைத் துணைகளும் அடங்கினர். பின்னர் விண்ணப்பித்து வரும் வழிகள் திறந்தன. எல்லை முழுவதும் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். அதுவரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் காத்துக் கிடந்தவரின் நாட்களை யார் கணக்கில் எழுதுவது? கதவைத் தாழிட்டவரே, "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் நிலை எழலாகாது.

பிற நாடுகளின் கதையும் பாடம் தருகிறது. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து தொழிலாளரைப் பிரிட்டனுக்கு ஏற்றிச் சென்றது. ரஜுலாவின் தூரத்து உடன்பிறப்பு எனலாம். அக்கப்பலிலும் பின்வந்த கப்பல்களிலும் வந்தோருக்கு 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தங்கும் உரிமையை வழங்கிற்று, தாளை வழங்கவில்லை. அரை நூற்றாண்டு பேருந்து ஓட்டியும் மருத்துவமனையில் பணிபுரிந்தும் வாழ்ந்தவர்கள், பெற்றோரின் இறுதிச் சடங்கிற்கும் உறவினரைக் காணவும் தீவுக்குச் சென்றபின் திரும்ப அனுமதிக்கப்படாமல் தவித்தனர். ஈராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் தகுதி போகும் என்ற விதியும் அவர்களில் சிலரை மடக்கிற்று. 2018இல் பிரதமர் தெரேசா மே கரீபிய நாட்டுத் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது; அடுத்த ஆண்டு இழப்பீட்டுத் திட்டம் அமைந்தது. அதற்குள் சிலர் மாண்டுவிட்டனர்.

கனடா சற்று நேர்மையாக நடக்கிறது. 2002 முதல் அங்குள்ள விதிப்படி நிரந்தரவாசி ஐந்தாண்டில் 730 நாள் நாட்டில் இருந்தால் போதும். அதோடு, குடிமகனான துணையுடன் வெளிநாட்டில் வாழ்ந்த நாட்களும் கனடாவில் வாழ்ந்த நாட்களாக எண்ணப்படும். கணக்குக் குறைந்தாலும் மனிதாபிமானக் காரணங்களை அதிகாரி ஆராய வேண்டும். ஒப்பாவிடில் மேல்முறையீடு உண்டு. அங்கும் குறை இல்லாமல் இல்லை. கனடாக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடியே, திரும்பிவரும் எண்ணத்தைக் காட்டி, மனைவிக்குப் பொறுப்பேற்கலாம்; நிரந்தரவாசியோ கனடாவுக்குள் இருந்தால் மட்டுமே முடியும். டொராண்டோவில் வாழும் ஈழத் தமிழர் பலர் யாழ்ப்பாணத்தில் மணமுடித்துவிட்டு, மனைவியை அங்கேயே விட்டு அவசரமாகத் திரும்பியதற்கு இவ்விதியும் ஒரு காரணம். ஆயினும் அங்கே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய கணக்கை எடுத்துக்காட்டி வாதாட முடிகிறது.

கணக்கை எழுதி வைத்தும் அதனை ஆயுதமாக்கலாம் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அந்நாட்டு அரசு, 1949இல் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1946க்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே சென்றிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் இலங்கையில் தொடர்ந்து வாழ்ந்தவளாக இருத்தல் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது தமிழ்ப் பெண்ணின் வழக்கம் என்பதை அறியாதவர்களா அச்சட்டத்தை எழுதினார்கள்? நன்கு அறிந்தவர்களே எழுதினார்கள். எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை கிட்டியது ஏறக்குறைய 1,34,000 பேருக்கே. எஞ்சியோரின் தலைவிதியை 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் எண்களாகப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அம்மக்களைக் கேட்டுச் செய்த பங்கீடு அன்று அது. மலேசியா இலங்கையன்று, அந்த வஞ்சகம் இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. எனினும், இல்லாமையையும் மனைவியின் இருப்பிடத்தையும் சேர்த்து முடிச்சிட்டால் ஒரு சமுதாயம் எங்கே போய் நிற்கும் என்பதை அவ்வரலாற்றில் காணலாம்.

இவ்விடத்தில், அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது தவறாகும். 1962 அக்டோபருக்குப் பின் இந்நாட்டில் பிறந்த குழந்தை குடிமகனாவதற்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி. சிவப்பு அட்டையின் பெருமதிப்பு அதில் அடங்கியிருந்தது. தந்தைக்கு வாக்கு இல்லை. பிள்ளைக்கு நாடு உண்டு. 2024 அக்டோபர் 17இல் மக்களவை 206 வாக்குகளால் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாயின் குழந்தைக்குக் குடியுரிமை வழங்கியது. பல்லாண்டுப் போராட்டத்தின் பயன் அது, பாராட்டத்தக்கது. ஆனால் அதே திருத்தம், நிரந்தரவாசி என்னும் சொல்லை அவ்விதியிலிருந்து நீக்கிற்று. ஒரு கையால் கொடுத்ததைப் பேசியவர் பலர். மறு கையால் எடுத்ததைப் பேசியவர் சிலரே. அத்திருத்தத்தின்படி, சிவப்பு அட்டைக்காரரும் அவருடைய அயல்நாட்டு மனைவியும் ஜெலுத்தோங்கில் பெறும் பிள்ளை, பிறக்கும்போதே குடிமகன் என்ற உரிமையைப் பெறாது. இனி அவர் தம் தகுதியைக் காத்துக்கொண்டாலும் போதாது. குடியுரிமையே பெற்றாக வேண்டும். அதற்கோ மீண்டும் வாழ்ந்த நாட்களின் கணக்கு.

2018 ஜூலையில், அறுபது வயதைக் கடந்த 3,407 இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் எனப் பிரதமர் மகாதீர் முகமது அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் அறுபது வயதுவரை ஒருவரைக் காக்க வைத்து, மனைவியை அழைக்கும் பருவமும் பிள்ளை பெறும் பருவமும் கழிந்தபின் நீல அட்டையைக் கையில் வைப்பதால் அவர் வாக்களிக்கலாம். இழந்த குடும்பவாழ்வை மீட்க முடியாது. நாற்பது வயதில் கொடுத்திருந்தால் அட்டை ஒரு வீட்டைக் கட்டியிருக்கும்.

அரசை மட்டும் குறை கூறி அமைதலும் முறையன்று. தமிழ்ச் சமுதாயத்தின் பங்கு சிறிதன்று. திருவிழாவிற்கும் பட்டமளிப்பிற்கும் மேடை போடத் தெரிந்த சங்கங்கள், ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தர மேசை போடவில்லை. இச்சிக்கல்களை வயிற்றுப் பிழைப்பாக்கிக்கொண்ட தரகர்கள் பெருகினர். "ஆயிரம் வெள்ளி கொடு, ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்பவனிடம் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தோர் உண்டு. படித்தவர்களின் அலட்சியம் அதனினும் கொடிது. தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து வந்த பெண்ணை 'ஊர்க்காரி' என்று குரல் தாழ்த்திப் பேசும் நாக்குகள் பினாங்கிலும் உள்ளன. தம் பாட்டியும் ஒரு காலத்தில் அதே கரையிலிருந்து, அதே கப்பலில், அதே அச்சத்தோடு வந்தவள்தான் என்பதை அந்நாக்குகள் மறந்தன. கணவனின் அட்டைக் கதை முடியும்வரை வேலைக்குப் போகவும் இயலாமல், ஊருக்குப் போகவும் அஞ்சி, அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவருக்குள் நாள் கழிக்கும் அப்பெண்ணை விசாரிக்க, பக்கத்து வீட்டுத் தமிழச்சிக்கு என்ன தடை?

ஜெலுத்தோங் கேள்வி கேட்க அஞ்சிய தொகுதியன்று. 1978 முதல் 1999 வரை வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கைத் தொடர்ந்து நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி அது. சிவப்பு அட்டைக்காரருக்கு வாக்கில்லை. ஆனால் அவருடைய பிள்ளைக்கும் அண்டை வீட்டாருக்கும் வாக்கு உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் வாசலில் வந்து கைகூப்பும் வேட்பாளரிடம், சாலை விளக்கைப் பற்றிக் கேட்பதோடு இதையும் கேட்கலாம். மறுநுழைவு மறுக்கப்படும்போது காரணத்தை எழுத்தில் தரச் சட்டம் வருமா? மறுக்குமுன் விளக்கம் கேட்கப்படுமா? கணவனின் தகுதி மீட்பும் மனைவியின் அனுமதியும் ஒரே கோப்பாக, ஒரே நாளில் ஆராயப்படுமா? அயல்நாட்டு மாப்பிள்ளைக்கும் அயல்நாட்டு மருமகளுக்கும் ஒரே விதி வருமா? 2024இல் நீக்கப்பட்ட சொல்லை மீண்டும் சேர்க்கக் குரல் கொடுப்பாரா?

சட்டம் திருந்தும்வரை குடும்பங்கள் செய்துகொள்ளத்தக்க காரியங்களும் சில உள. மறுநுழைவு அனுமதி எந்நாளில் முடிகிறது என்பது வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறிக்கப்பட வேண்டும். ஊரில் தங்க நேர்ந்தால் காலக்கெடுவுக்கு முன்பே சென்னைத் துணைத் தூதரகத்திற்கு எழுத்தில் தெரிவித்து, தெரிவித்ததற்குச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோரின் மருத்துவமனைச் சீட்டு, மருத்துவரின் கடிதம், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஈமக்கடன் முடிந்ததும் எறிந்துவிடலாகாது. இல்லாமைக்குக் காரணம் காட்டும் தாய்க்கடிதம் அவையே. கோயிலில் நடந்த திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவது கட்டாயம்; அச்சான்றிதழ் இல்லாமல் மனைவி என்று சொல்வது முகப்பில் வெறும் வாய்ச்சொல்லாகவே கொள்ளப்படும். இந்நாட்டுக் குடிமக்களும் இங்கே நிலைத்து வாழ்வோரும் வெளிநாட்டில் மணந்தால், 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி ஆறு மாதத்திற்குள் பதிவதிலும் கருத்தாக இருக்க வேண்டும். வீட்டு வாடகைச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, வரி கட்டிய தாள் ஆகியவை, உடல் வெளியே இருந்த காலத்திலும் வாழ்வின் வேர் இங்கேதான் இருந்தது என்பதைச் சொல்லும் சாட்சிகள். மூலத்தாள்களை ஒருவரிடமும், நகல்களை இன்னொருவரிடமும் வைப்பது நலம். நாகைக் கரையில் பெட்டியோடு போன தாள்களுக்கு நகல் இருந்திருந்தால் பலருடைய கதை வேறாக முடிந்திருக்கும்.

இப்பணிக்கு மாளிகை தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலை, கோயில் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை. மலாய்மொழியில் பிழையின்றி விண்ணப்பம் எழுதவல்ல இளைஞர் இருவர். சட்டம் அறிந்த ஒருவர் மாதத்தில் ஒருநாள். வந்தவரின் பெயர், அட்டை எண், மறுநுழைவு முடியும் நாள், மனைவியின் அனுமதி முடியும் நாள் ஆகியவற்றை எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள் நெருங்குமுன் அவர் வீட்டுக்கு ஆளனுப்பிச் சொல்ல அது உதவும்.